சுவரில் சில காலி இடங்கள்

தென்னாப்பிரிக்காவில் சட்டத்துக்குக் குறைவில்லை. யாரை விரும்புகிறார் என்பதை வைத்து ஒருவரிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1996 அரசியல் சாசனமே சொல்கிறது. 2006-ல் ஒரே பாலினத் திருமணமும் செல்லும் என்றாகிவிட்டது. ஆனால், லெஸ்பியன் பெண்களைத் 'திருத்துகிறேன் பேர்வழி' என்று பலாத்காரம் செய்வதும் கொல்வதும் அதோடு நிற்கவில்லை.

அதே 2006-ல் ஸனேலே முஹோலி அவர்களைப் படமெடுக்கும் ஒரு வரிசையைத் தொடங்கினார். 1972-ல் டர்பன் பக்கம் உம்லாஸியில் பிறந்தவர். (தன்னை ஆண், பெண் இரண்டிலும் சேர்க்காதவர். இங்கிலீஷ் பத்திரிகைகள் பிரதிப்பெயருக்குத் திண்டாடும். நமக்கு 'அவர்' இருக்கிறது!) 'முகங்களும் கட்டங்களும்' என்று பொருள்படும் அந்த வரிசையில் லெஸ்பியன்கள், திருநம்பிகள் என்று 500-க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை முகங்கள். யாரும் பரிதாபம் கேட்கவில்லை. நேராக உங்களையே பார்க்கிறார்கள். கண்காட்சிச் சுவரில் நடுநடுவே காலி இடம் விடுகிறார். செத்துப்போனவர்களுக்கு, இனி எடுக்கவேண்டியவர்களுக்கு. பி.காம். படித்த எனக்கு, தொகை எழுதாமல் விட்ட லெட்ஜர் பக்கம் மாதிரி உறுத்துகிறது.

2012-ல் கேப் டவுன் வீட்டில் புகுந்து ஹார்ட் டிஸ்க்குகளைத் திருடிக்கொண்டு போனார்கள். பல வருஷ உழைப்பு போச்சு. அதே வருஷம் தன்னையே எடுக்கும் வரிசையை ஆரம்பித்தார். வீட்டு வேலை செய்து பிழைத்த அம்மாவின் நினைவாகத் தலை நிறைய துணி கிளிப்புகள், காண்ட்ராஸ்டைக் கூட்டி இன்னும் கறுப்பாக்கிய தோல். உலகம் கொண்டாடுவது இவற்றைத்தான். எனக்கென்னவோ அலங்காரம் ஒரு சிட்டிகை தூக்கலாகப் படுகிறது. என் ஓட்டு பழைய வரிசைக்கே. அதில் சிலரை வருஷங்கள் கழித்து மறுபடி எடுத்திருக்கிறார். இரண்டாவது படத்தில் ஆள் உயிரோடு நிற்கிறார் என்பதே செய்தி.