முகாம் அறிக்கையின் எழுவாய்

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அறிக்கையை ஓர் எழுத்து வகையாக யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் இலக்கணம். மாணவியர் எழுவாய். 'வழங்கினர்', 'தூய்மை செய்தனர்', 'மரக்கன்று நட்டனர்', 'விழிப்புணர்வு ஏற்படுத்தினர்' என்பவை பயனிலைகள். ஊர்மக்கள் நான்காம் வேற்றுமையில் வரிசையாக நிற்பார்கள்: மீனவப் பெண்களுக்கு, உப்பளத் தொழிலாளர்களுக்கு, முதியோருக்கு. அந்தக் 'கு' உருபை உதறிவிட்டு ஊர்ப்பெண் ஒருத்தி எழுவாயாக நின்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் இடம் எங்கே என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் கிடைக்கும். அங்கே அவள் செய்யும் ஒரே வினை, நன்றி தெரிவிப்பது.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற பிரிவினை முகாம் தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது. அறிக்கை அதை எழுதிவைக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த முதலாண்டு மாணவி ஒருத்தி இந்தப் பணிக்குப் பெயர் கொடுக்கும்போது அவள் கையில் முதலில் வந்து விழுவது இந்த இலக்கணம்தான். ஆகவே எப்படித் தொடங்குவது என்ற கேள்வியை இங்கிருந்துதான் கேட்கவேண்டும்.

திட்டம் பிறந்தபோது அதன் முன்னுரிமை வேறாக இருந்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய இத்திட்டத்தின் நோக்கங்களில் முதலாவது, தாம் பணியாற்றும் சமூகத்தைப் புரிந்துகொள்வது. கொடுப்பது பிறகு; அறிவது முதலில். ஆனால் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240, கூடவே ஏழுநாள் சிறப்பு முகாம் என்று கணக்கு வந்ததும் நிலை மாறியது. நட்ட கன்றை எண்ணலாம். பெருக்கிய தெருவை அளக்கலாம். புரிந்துகொண்டதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? எண்ண முடிந்தது நின்றது, எண்ண முடியாதது உதிர்ந்தது. தமிழ்நாட்டுப் பட்டப்படிப்பில் 'பகுதி ஐந்து' என்று ஒதுக்கப்பட்ட மூலையில், பாடத்துக்கு வெளியே, அது இன்னும் இருக்கிறது.

பாடத்துக்கு உள்ளே அதைக் கொண்டுவரும் முயற்சிக்குத்தான் சேவைவழிக் கற்றல் என்று பெயர். 1967இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பணியாற்றிய ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1979இல் சிக்மன் அதற்கு மூன்று நெறிகளை வகுத்தார். சேவை பெறுகிறவர்களே அந்தச் சேவை என்ன என்பதை முடிவு செய்யவேண்டும். அவர்கள் தம் செயலால் வலுப்பெற வேண்டும். சேவை செய்கிறவர்களும் கற்பவர்களே, எதைக் கற்பது என்பதில் அவர்களுக்கும் கணிசமான உரிமை வேண்டும். இம்மூன்றையும் நம் முகாம்களோடு ஒத்துப்பார்த்தால், ஊர்ப்பெண்ணிடமும் கேட்பதில்லை, மாணவியிடமும் கேட்பதில்லை என்பது தெரியும். இரு பக்கத்திலும் பெண்கள் இருக்க, முடிவு மட்டும் வேறெங்கோ எடுக்கப்படுகிறது. மதுரை லேடி டோக் கல்லூரி போன்ற சில பெண்கள் கல்லூரிகள் இதற்கெனத் தனி மையம் வைத்துப் பாடத்தோடு இணைத்து நடத்துவது கவனிக்கத்தக்க விதிவிலக்கு.

நல்லெண்ணம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 1968இல் மெக்சிகோவின் குவர்னவாக்காவில், கிராமங்களுக்குச் சேவை செய்யத் திரண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் இவான் இல்லிச் பேசியது இதற்கான கடுமையான பதில். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். அந்தக் கண்டிப்பை அப்படியே நம் மாணவிக்குப் பொருத்த முடியாது. அவள் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. பல நேரங்களில் உப்பளத்துக்குப் போகும் தாயின் மகளே உப்பளத் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தும் அட்டையைப் பிடித்து ஊர்வலத்தில் நிற்கிறாள். வீட்டில் தனக்குத் தெரிந்ததை மறந்துவிட்டு, கல்லூரி கொடுத்த வாசகத்தைச் சொல்லவேண்டிய நிலை அவளுடையது.

தமிழில் இந்தச் செயலுக்கு இருக்கும் சொற்களையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 'தொண்டு' என்பதற்கு அடிமைத்தனம் என்றும் பொருள் உண்டு. 'பணி' வினையாகும்போது குனியச் சொல்கிறது. 'ஊழியம்' தெற்குத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகளிடமிருந்து கூலியின்றிப் பிடுங்கிய வேலையின் பெயர்; அதே சொல் நம் கடற்கரையில் திருச்சபைப் பணியைக் குறிக்கிறது. இச்சொற்கள் எல்லாவற்றிலும் ஒருவர் தாழ்ந்து நிற்கிறார். ஆணுக்கு அந்தத் தாழ்வு தானே தேர்ந்துகொண்ட பெருமை; அவனைத் தொண்டர் என்பார்கள். பெண்ணுக்கு அது பிறப்போடு வந்த பணிவிடை. அதற்குப் பட்டப்பெயர் கிடையாது. காலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, பாட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டு வருகிற மாணவியிடம் 120 மணி நேரம் சேவை செய் என்கிறோம். முகாமிலும் துடைப்பமும் கோலப்பொடியும் அவள் கைக்கே வருகின்றன. ஏற்கெனவே செய்த மணி நேரங்களை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று எந்தப் பாடத்திட்டமும் கேட்டதில்லை.

எனினும் முகாமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு மணிக்குள் வீடு திரும்பவேண்டிய பெண்ணுக்கு ஏழு இரவுகள் வெளியே தங்க ஒரு காரணம் கிடைப்பது சிறிய விஷயமல்ல. பலர் முதன்முதலாக ஒலிவாங்கி முன் நிற்பது அங்கேதான். வேறு சாதித் தோழியோடு ஒரே பாத்திரத்தில் உண்டதும் அங்கேதான் என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். பெண்கள் கல்லூரியில் இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் இதுதான் என்றுகூடச் சொல்லலாம். அறிக்கையில் இது இடம்பெறுவதில்லை என்பதே என் குறை.

முத்துக்குளித்துறைக்குச் சேவையும் கற்றலும் புதியவை அல்ல. அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படும் போர்ச்சுக்கீசியர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1546இல் இந்தியா வந்து, இக்கரையில் 1600இல் இறக்கும்வரை வாழ்ந்தார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராகவேண்டியிருந்தது. முத்துக் குளிப்போரின் தமிழைக் கற்றார், அதற்கு இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அச்சு வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கவேண்டியதே. அவருக்குச் சொல் சொல்லாக இந்த மொழியைக் கொடுத்த கடற்கரை வீடுகளின் பெண்களும் ஆண்களும் எந்தத் தலைப்புப் பக்கத்திலும் இல்லை. சேவையின் வரலாறு சேவகரை நினைவில் வைக்கிறது. அவருக்குக் கற்பித்தவரை விட்டுவிடுகிறது.

அப்படி விடப்படும் அறிவு எப்படிப்பட்டது என்பதற்கு உப்பளமே போதும். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவையில் சுமார் 3 டிகிரி. அது பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் வற்றி, சுமார் 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதிகமாக வற்றவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். வேதியியல் மாணவி கருவி வைத்து அளப்பதைப் பல ஆண்டுகள் பாத்தியில் நின்ற பெண் நீரின் நிறத்திலும் காலடியிலும் அறிகிறாள். விடியுமுன் தொடங்கும் வேலை, தலைச்சுமையாக அம்பாரத்துக்குப் போகும் உப்பு, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, பாதங்களின் வெடிப்பு, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் அடக்கும் பழக்கம், மழை மாதங்களில் வேலையே இல்லாத வெறுமை: இவை அனைத்தும் அவளுக்குத் தெரிந்த பாடங்கள். அவளிடம் போய்க் கைகழுவுவது எப்படி என்று செய்து காட்டுகிறோம்.

ராஜம் கிருஷ்ணன் இதை வேறுவிதமாகச் செய்தார். முறையான கல்வியைத் தொடர வாய்ப்பில்லாமல் பதினைந்து வயதில் மணம் செய்துவைக்கப்பட்டவர், கல்லூரிப் படியேறாதவர். தூத்துக்குடிக்கு வந்து, உப்பளத் தொழிலாளர்களோடு பேசிப் பழகி அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. அதில் பொன்னாச்சியின் கூலியும் உடலும் மேற்பார்வை செய்யும் ஆணின் கையில் ஒருசேர மாட்டிக்கொள்வதை, உப்பின் வெண்மையைப் பாடிய எவரும் காட்டாத வெளிச்சத்தில் காட்டினார். அந்நாவலை இன்று வாசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது அதன் எழுவாய். பொன்னாச்சி உதவி பெறுகிறவளாக அறிமுகமாவதில்லை. பார்க்கிறாள், கணக்குப் போடுகிறாள், அஞ்சுகிறாள், சினக்கிறாள். வினைச்சொற்கள் அவளுடையவை. இந்த நாவலுக்கும் ஓர் எல்லை உண்டு. அட்டையில் இருப்பது வெளியிலிருந்து வந்தவரின் பெயர். உப்பளத்துப் பெண் தானே எழுதிய நூலுக்கு நாம் இன்னும் காத்திருக்கிறோம். ஆனாலும் களத்துக்குப் போகுமுன் மாணவி வாசிக்கவேண்டிய முதல் நூல் இதுவே. ஆசிரியரின் படைப்புகள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் கிடைப்பதும் எளிது.

'பயனாளி' என்ற சொல் எவ்வளவு பொய்யானது என்பதை வெள்ளம் ஒருமுறை காட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மூழ்கியபோது, படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். எந்த ஊர்களை நம் அறிக்கைகள் நான்காம் வேற்றுமையில் நிறுத்தினவோ, அந்த ஊர்களே நகரத்துக்குச் சேவை செய்தன. கரையிலிருந்த பெண்கள் சமைத்த சோற்றை யாரும் மணிக்கணக்கில் பதியவில்லை.

கேட்கக்கூடாத கேள்விகளும் இருக்கின்றன. இந்நகரில் 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெண்கள் இருந்தார்கள், ஒருத்தி பதின்வயதினள். காற்றையும் நீரையும் பற்றித் தாய்மார்கள் பேசியதை அரசியல் என்று ஒதுக்கிவிட்டுச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்று மரக்கன்று நடுகிறோம். கன்று நடுவதில் தவறில்லை. இந்த ஊரின் பெண்கள் எதைக் கேட்டார்கள் என்று ஒரு மணி நேரமாவது வாசிக்காமல் நடுவதில் கற்றல் இல்லை.

ஆகவே தொடங்கப்போகும் மாணவிக்கு நான் சொல்வது சில எளிய காரியங்கள். ஏழு நாளில் ஏழு இடம் போகாமல், ஒரு பருவம் முழுதும் ஒரே இடத்துக்குப் போ. உன் கால அட்டவணைப்படி போகாதே; உப்பளத்துப் பெண் வேலை முடித்து வந்து உட்காரும் நேரத்துக்குப் போ. முதல் இரண்டு சந்திப்புகளில் கைப்பேசியில் படம் எடுக்காதே. என்ன செய்யட்டும் என்று கேள். ஒன்றும் வேண்டாம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். பெரும்பாலும் கேட்கப்படுவது சிறிய வேலையாக இருக்கும்: அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவதற்கான படிவம், மழைக்காலத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கான தாள்கள், மகளின் கல்லூரி விண்ணப்பம். அதைச் செய். செய்யும்போது உன் பாடத்தையும் கூட எடுத்துச் செல். பொருளியல் மாணவி என்றால் கூலிக்கும் சந்தை விலைக்கும் நடுவே பணம் எங்கே போகிறது என்று அவளோடு உட்கார்ந்து கணக்கிடு. தமிழ் மாணவி என்றால் உப்பளச் சொற்களைத் திரட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் பெயரை, அவர் சம்மதித்தால், எழுது.

பிறகு அறிக்கையை எழுது. எழுதியதை அவளிடம் எடுத்துப்போய் உரக்கப் படித்துக் காட்டு. தவறு என்று அவள் சொல்லும் வரிகளை அடி. அடித்தல் திருத்தலோடு அந்தப் பிரதியையே கல்லூரியில் கொடு. மதிப்பெண் இடுகிறவர்கள் அந்தத் திருத்தங்களைப் படிக்கப் பழகட்டும். முதல் சில ஆண்டுகள் எங்களுக்கு அது சிரமமாகத்தான் இருக்கும்.