எட்ட வட்டம், கிட்ட வட்டம்

வானத்து ஒளிக்கோலங்களைப் படம்பிடிக்கும் கலையில் மிகக் கடினமான பகுதி உயரத்தைக் காட்டுவதாகும். கண்ணுக்கு வானம் ஒரே பந்தலாகத்தான் தெரிகிறது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டரில் விழும் மழைத்துளி வளைக்கும் வானவில்லும், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உறைந்த பனிப்படிகங்கள் வரையும் வட்டமும், நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து அணையும் எரிமீனும் அந்தப் பந்தலில் பக்கம் பக்கமாக ஒட்டவைத்தவை போலவே தோன்றுகின்றன. கேமராவும் இந்த மயக்கத்தையே படியெடுக்கிறது. நல்ல படமோ, பார்ப்பவரை அடுக்கடுக்கான வானத்தின் எந்த மாடியில் நிற்கிறோம் என்று உணரவைக்கிறது. இந்தக் கல்வியைப் பெறச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தென்னகத்தில் அரிது. ஏனெனில் இங்கே வானத்தின் ஒவ்வொரு மாடிக்கும் உயரம் அளந்து வைத்திருக்கிறார்கள்.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையை ஒட்டிய காதங்கியில், விண்வெளித் துறையின்கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்களை நட்டுவைத்த அதன் ரேடார் காற்றின் ஓட்டத்தைக் கேட்கிறது என்றால், 1998 முதல் அங்கே இயங்கிவரும் லிடார், அதாவது லேசர் கற்றையை மேலே செலுத்தித் திரும்பிவரும் ஒளியைக் கொண்டு உயரம் கணிக்கும் கருவி, அதே காற்றில் மிதக்கும் தூசியையும் பனிப்படிகத்தையும் பார்க்கிறது. அந்த லேசரின் நிறம் பச்சை; இரவில் அது எழுந்து நிற்கும் ஒல்லியான தூணே படத்துக்குரிய காட்சிதான்.

அந்த லிடார் தந்த அறிவுகளில் ரசிகருக்கு மிகவும் பயன்படுவது, இவ்வட்டாரத்தின் கீற்று மேகங்களைப் பற்றியது. இழையிழையாகப் படரும் இவ்வகை மேகம் இங்கே 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கடி காணப்படுகிறது. பல நாட்களில் கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாகவும் இருக்கிறது. கீழே ஊர் வெயிலில் வேகும்போது, அங்கே உறைநிலைக்குக் கீழே ஐம்பது, அறுபது பாகைக் குளிர். அக்குளிரில் அறுகோணப் பட்டையாக உறைந்த படிகங்களுக்குள் ஒளி புகுந்து வளைந்து வெளியேறும்போது, சூரியனையோ நிலவையோ நடுவில் வைத்து 22 பாகை ஆரமுள்ள வட்டம் தோன்றுகிறது. பழந்தமிழ் இதை ஊர்கோள் என்றது. நூல்வழக்கில் இது பரிவேடம். ஊரில் இன்றும் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். இதை அளக்கக் கருவி தேவையில்லை: கையை நீட்டி, கட்டைவிரலால் நிலவை மறைத்துச் சாண் விரித்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தின்மேல் போய் நிற்கும்.

எட்ட வட்டம் போட்டால் கிட்ட மழை, கிட்ட வட்டம் போட்டால் எட்ட மழை என்னும் ஊர்ப்பேச்சு, இரண்டு வேறு இயற்பியல்களை ஒரே வரியில் பிரித்துவிட்ட நுட்பத்துக்காகவே கொண்டாடப்பட வேண்டியது. எட்ட வட்டம் என்பது மேற்சொன்ன பனிப்படிக வட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து வெளியேறும் கீற்று மேகம் மழைக்கு முன்னோடியாக வந்து சேர்வதால், அந்த வட்டத்துக்குப் பின்னால் மழை வருவது பெரும்பாலும் பொருந்துகிறது. கிட்ட வட்டம், நிலவை ஒட்டிச் சில பாகைக்குள் அடங்கும் ஒளிமுடி. அது தாழ்ந்த மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகள் விளிம்பில் ஒளியைச் சிதறவைப்பதால் தோன்றுவது. அதற்கும் மழைக்கும் நெருங்கிய உறவில்லை. படத்தில் இரண்டையும் பிரிக்க நிறவரிசையே போதும்: பனிப்படிக வட்டத்தில் சிவப்பு உள்விளிம்பில் நிற்கும், ஒளிமுடியில் சிவப்பு வெளிவிளிம்புக்குப் போய்விடும். தலைப்பில் ஊர்கோள் என்று எழுதி ஒளிமுடியை அச்சிடும் இதழ்கள் உண்டு. சிவப்பு எங்கே என்று பார்த்தவருக்கு அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

பனிப்படிகக் கோலங்களில் சித்தூருக்கென்று ஒரு தனிச்சொத்து இருக்கிறது. தட்டையான படிகங்கள் கிடையாக மிதக்கும்போது, சூரியன் தொடுவானிலிருந்து 58 பாகைக்கு மேல் ஏறியிருந்தால், அதற்கு 46 பாகை கீழே, தொடுவானுக்கு இணையாக ஒரு வண்ணப்பட்டை விரியும். தமிழில் இதைக் கிடைவில் என்று அழைக்கலாம். லண்டனில் நடுக்கோடையில் மட்டும், அதுவும் நண்பகலையொட்டிய சிறு பொழுதில்தான் சூரியன் அந்த உயரத்தைத் தொடுகிறது. அதற்கும் வடக்கே உள்ள பல நாடுகளுக்கு இக்காட்சி வாய்ப்பதே இல்லை. 13 பாகை வட அகலாங்கில் உள்ள சித்தூரிலோ தை மாதத் தொடக்க வாரங்கள் கழிந்தது முதல் ஐப்பசி முடியும் வரை நண்பகல் சூரியன் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அது உச்சந்தலைக்கு நேராகவே வந்துவிடும். அந்நாட்களில் வட்டம் தோன்றினால், அண்ணாந்து பார்ப்பவரைச் சுற்றி நாலாபுறமும் சம உயரத்தில் நிற்கும் குடையாகிவிடுகிறது. ஐரோப்பியப் பனிக்காலப் படங்களில் சூரியனின் இருமருங்கும் ஒளிரும் பொய்ச் சூரியன்களைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே காலையிலும் மாலையிலும் மட்டுமே அவற்றைத் தேட வேண்டும். நண்பகல், குடைக்கும் கிடைவில்லுக்கும் உரிய நேரம்.

இவ்வகைப் படத்தில் தேர்ச்சி, மறைப்பதில் தொடங்குகிறது. கோபுரக் கலசமோ சந்திரகிரி மலையின் பாறை விளிம்போ சூரியனை மறைத்தால்தான் மெல்லிய வட்டம் படத்தில் தங்கும். அந்த மறைப்பே படத்துக்கு அளவுகோலாகவும் ஆகிவிடுவதால், பாறை எவ்வளவு அண்மை, படிகம் எவ்வளவு சேய்மை என்பது சொல்லாமலே விளங்குகிறது. வட்டத்தின் விட்டம் 44 பாகை என்பதால், முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்சோ அதைவிட அகன்றதோ வேண்டும். வட்டத்தில் பாதியை வெட்டிய படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், முகத்தில் பாதியை வெட்டிய படத்தைப் போன்றதே.

செக்கர் வானத்தின் வண்ணங்கள் இன்னும் ஒரு மாடி மேலே, சுமார் இருபது கிலோமீட்டரில் மிதக்கும் நுண்தூசியால் ஆழம் பெறுகின்றன. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்த சில நாட்களில், செப்டம்பரில், சென்னை மாகாணத்தில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. பின்னாளில் கோடைக்கானல் வானாய்வகத்தை நிறுவிய மிச்சி ஸ்மித் அதைச் சென்னையிலிருந்து ஆராய்ந்து எழுதிவைத்தார். வண்ண நிழற்படம் பரவாத காலமாகையால் அந்தப் பச்சை எழுத்தில் மட்டுமே எஞ்சியிருப்பது இக்கலையின் பேரிழப்புகளில் ஒன்று.

அமாவாசை இரவும் முற்றிய கறுப்பு அன்று. பகலில் புறஊதா ஒளி பிளந்துவிட்ட ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மீண்டும் இணையும்போது வெளியிடும் மங்கிய ஒளிக்கு வானொளிர்வு என்று பெயர். அதில் பச்சை சுமார் 97 கிலோமீட்டரிலிருந்தும், கண்ணுக்கெட்டாத அகச்சிவப்பை ஒட்டிய ஒளி சுமார் 87 கிலோமீட்டரில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகளிலிருந்தும், சிவப்பு சுமார் 250 கிலோமீட்டரிலிருந்தும் வருகின்றன. காதங்கியின் வானொளிர்வுக் கேமரா, மீன்கண் லென்ஸ் வழியாக வானத்தை வட்டமாக மடக்கி, ஒவ்வொரு நிறத்தையும் அதற்குரிய வடிகட்டியால் தனித்தனியே பதிகிறது. நிறத்தை மாற்றினால் உயரம் மாறுகிறது. இந்தக் கட்டுரை தேடும் கலை இதைவிடத் தூய்மையாக வேறெங்கும் அமையவில்லை. பச்சைப் படத்தில், கீழே இடிமேகங்கள் கிளப்பிவிட்ட காற்றலைகள் நூறு கிலோமீட்டர் ஏறிவந்து, ஆற்று மணலில் காற்று வரைந்த வரிகளைப் போல் படிந்திருக்கும். சிவப்புப் படத்தில் வடக்கு தெற்காக நீண்ட கரிய பட்டைகள் மெல்லக் கிழக்கே நகரும். அவை மின்மக் (பிளாஸ்மா) குமிழிகள்: கதிரவன் மறைந்தபின் அடர்ந்த மின்மம் மேலேயும் ஐதானது கீழேயும் நிற்க நேர்வதால், தண்ணீருக்கு அடியில் விட்ட எண்ணெய் குமிழியாக மேலெழுவதைப் போல, ஐதான மின்மம் பிளந்துகொண்டு மேலேறுகிறது; அது புவியின் காந்தக் கோடுகளைப் பற்றி நீள்வதால் பட்டையாகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலேயே இவ்வட்டாரத்துக்கு இக்காட்சி கிடைத்தது. செயற்கைக்கோள் குறிப்பலைகளைக் குலைக்கும் இக்குமிழிகளை அறிவியலார் தொல்லையாகக் கருதலாம். கறுப்பு வெள்ளையில், எந்த அழகுபடுத்தலும் இல்லாமல் பதிவான அந்தப் பட்டைகளின் அமைதிக்கு நிகரான இரவுப் படம் குறைவு.

விண்மீன் படங்களிலோ அழகுபடுத்தலே பெரும் நோய். வேறொரு நாட்டு வானத்தை வெட்டி, சந்திரகிரிக் கோட்டைக்கு மேல் ஒட்டிய படத்தைக் கண்டுபிடிக்க விண்மீன்களின் சாய்வே போதும்: இந்த அகலாங்கில் அவை கிழக்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகின்றன, ஒரையன் என்னும் வேடன் பக்கவாட்டில் படுத்தபடி உதிக்கிறான், அவன் கச்சையின் மூன்று மீன்களும் ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்ந்து வருகின்றன. இந்தத் தாழ்ந்த அகலாங்கில் எட்டும் தென்வானத்தின் செல்வத்தையும் கருதியே சித்தூருக்குத் தெற்கே சவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் எழுந்தது. வானியலாளர் வைணு பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்தபின், 1986 ஜனவரி 6 அன்று அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகச் சொல்லும் வேங்கடத்தின் அடிவாரத்தில், பொன்முகலி ஆற்றங்கரைத் தொண்டவாடாவில் அகத்தீசுவரர் கோயில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணியளவில், திருப்பதியின் விளக்கொளி முதுகுப்பக்கம் விழுமாறு தெற்கு நோக்கி ஆற்றுமணலில் கேமராவை நிறுத்தினால், அகத்தியர் பெயரைத் தாங்கிய விண்மீன் 24 பாகை உயரத்தில் நிற்கும். 35 மில்லிமீட்டர் லென்சில் விண்மீன் கோடாகாமல் இருக்க, 500-ஐ லென்சின் அளவால் வகுக்கும் கைக்கணக்கின்படி 14 நொடிதான் கிடைக்கும். ஆனால் அகத்தியர் வான்நடுக்கோட்டிலிருந்து 53 பாகை விலகி மெதுவாகச் சுற்றுவதால் 20 நொடிக்கு மேலும் பொறுக்கலாம். அந்தக் கூடுதல் நொடிகளில் தொடுவானை ஒட்டி மெல்லிய பச்சை படியத் தொடங்கும். அடுக்கைச் சாய்வாகப் பார்ப்பதால் வானொளிர்வு அங்கே செறிந்து தெரிகிறது. படத்தின் அடியில் மணல், அதற்கு மேல் தொலைவிலுள்ள சித்தூரின் மங்கல் வெளிச்சம், அதற்கு மேல் 97 கிலோமீட்டரின் பச்சை, அதற்கும் மேல், முந்நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால், காற்றில் சற்றே மஞ்சளேறிய அகத்தியர்.