ஆவர்த்தன அட்டவணையும் கைத்தொலைபேசியும்: ஒரு விமர்சன நோக்கு

ஓர் இலக்கியத்தை அதன் உருவம், உள்ளடக்கம், அது தோன்றிய சூழல் என்பவற்றைக் கொண்டு மதிப்பிடுதல் நமது விமர்சன மரபு. கற்றற் கருவியொன்றையும் அவ்வாறே நோக்குதல் தகும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இரசாயனவியல் பயிலும் மாணவர் பலர் இன்று தம் கைத்தொலைபேசியில் ஆவர்த்தன அட்டவணைச் செயலியொன்றை வைத்திருக்கின்றனர். அது பயனுள்ளதா என்பது எளிய வினா, பயனுள்ளதே. அறிவு என்று அது எதனைக் காட்டுகின்றது என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

முதலில் அட்டவணை தோன்றிய சூழலை நோக்குவோம். 1869 இல் மென்டலீவ் தமது அட்டவணையை வெளியிட்டபோது, அவர் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழக மாணவருக்கெனப் பாடநூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். அந்நாளில் அறியப்பட்டிருந்த அறுபதுக்கு மேற்பட்ட மூலகங்களை எவ்வொழுங்கில் மாணவர் முன் வைப்பது என்னும் இடர்ப்பாடே அவரை அட்டவணைக்கு இட்டுச் சென்றது. எனவே அட்டவணை பிறப்பிலேயே ஒரு கற்பித்தற் சாதனம். அதனைக் கற்பித்தலுக்காகக் கைத்தொலைபேசியில் ஏற்றியது புதுமையன்று. அதன் இயல்புக்கு ஏற்றதே.

அட்டவணையின் உள்ளடக்கம் யாது? மூலகங்களின் பட்டியல் என்று விடைகூறின் அது தவறாகும். மூலகங்களுக்கிடையிலான உறவே அதன் உள்ளடக்கம். ஒரு மூலகத்தின் இயல்பை அதன் அயலவரிடமிருந்து அறியலாம் என்பதே மென்டலீவின் வாதம். அவ்வாதத்தின் வலிமையாலேயே 1869 அட்டவணையில் 45, 68, 70, 180 என்னும் அணுநிறைகளுக்கு முன்னால் பெயருக்குப் பதிலாக வினாக்குறியை இட அவர் துணிந்தார். 1871 இல் அலுமினியத்தின் கீழுள்ள வெற்றிடத்துக்குரிய மூலகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 5.9 ஆகும் என எதிர்வுகூறினார். 1875 இல் பிரான்சில் லெக்கொக் த புவபோதிரான் கல்லியத்தைக் கண்டறிந்து அதன் அடர்த்தியை 4.7 என அளந்தார். மீண்டும் அளக்குமாறு மென்டலீவ் வற்புறுத்தினார். தூய மாதிரியைக் கொண்டு அளந்தபோது 5.9 என்றே கிடைத்தது. பொருளைக் கையில் வைத்திருந்தவரை, அதன் இடத்தை மாத்திரம் அறிந்திருந்தவர் திருத்தினார்.

இனிச் செயலியின் உருவத்தைப் பார்ப்போம். கைத்தொலைபேசியின் சிறு திரையிற் பதினெட்டு நிரல்களையும் ஒருங்கே வாசித்தல் அரிது. ஒரு கட்டத்தைத் தொட்டவுடன் அம்மூலகம் திரை முழுவதையும் நிறைக்கின்றது. அணுவெண், உருகுநிலை, அடர்த்தி, கண்டுபிடித்தவர் பெயர் எனத் தரவுகள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஆனால் அயலவர் மறைந்துவிடுகின்றனர். உறவை உள்ளடக்கமாகக் கொண்ட ஒன்றைத் தனிமைப்படுத்தும் உருவத்திற் காட்டுவதே இச்செயலிகளின் அடிப்படை முரண்பாடு. மாணவன் கல்லியத்தின் அடர்த்தியை நொடியில் அறிகின்றான். அதனை அயலவரிடமிருந்து ஊகித்திருக்கலாம் என்பதை அறிவதில்லை.

இதனாற் செயலிகள் யாவும் பயனற்றவை எனக் கூறின் அது நீதியாகாது. சில செயலிகளில் வெப்பநிலையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். அறை வெப்பநிலையில் இரசமும் புரோமீனும் திரவங்களாய்த் தோன்ற, வெப்பநிலை முப்பது பாகை செல்சியசை எட்டுமுன்னரே சீசியமும் கல்லியமும் அவற்றோடு சேர்கின்றன. அச்சிட்ட அட்டவணையால் இதனைக் காட்டவியலாது. இங்கு அட்டவணை முழுவதும் கண்முன் நிற்க, உறவே அசைகின்றது. உருவமும் உள்ளடக்கமும் இசைவுறும் இடம் இதுவே.

வரலாற்றைக் காட்ட முற்படும்போது இந்த இசைவு குலைகின்றது. கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டுப்படி மூலகங்களைத் தோன்றச் செய்யும் செயலிகள் உள. ஆனால் ஒவ்வொன்றும் இன்றைய தன் இடத்திலேயே வந்தமர்கின்றது. அவ்விடத்துக்காக நிகழ்ந்த வாதம் தெரிவதில்லை. தெலூரியத்தை அயடீனுக்கு முன் வைத்த மென்டலீவ், அதன் அணுநிறை பிழையாய் இருக்கலாமென ஐயுற்றார். அணுநிறை பிழையன்று. வரிசையைத் தீர்மானிப்பது அணுவெண்ணே என்பது 1913 இல் மோஸ்லியின் ஆய்வினாலேயே துலங்கியது. இடம் சரி, காரணம் பிழை என்னும் இந்நிலை மாணவனுக்கு எத்துணைப் பெரிய பாடம்!

வாதம் முடிந்துவிட்டது என்றும் கருதுதல் வேண்டா. 2016 இல் நான்கு புதிய மூலகங்கள் பெயர்பெற, 118 மூலகங்களுடன் ஏழாம் ஆவர்த்தனம் நிறைவுற்றது. ஆயினும் இற்றியத்தின் கீழ் அமர்வது இலந்தனமா லுற்றீசியமா என்பதில் இரசாயனவியலாளர் இன்னும் ஒருமித்திலர். செயலிகளோ இவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அதுவே முடிந்த உண்மை என்பதுபோற் காட்டிச் செல்கின்றன.

இவ்விடத்து மொழி பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். ஈழத்து மாணவன் மூலகம், ஒட்சிசன், ஐதரசன் எனப் பயில்கின்றான்; தமிழகத்திலோ தனிமம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்பன வழக்கு. தமிழிற் செயலி ஆக்குவோர் இவ்விரு வழக்கையும் அருகருகே தருதல் கடினமன்று. அவ்வாறு தராதவிடத்து ஒரு சாரார் தம் பாடத்தைத் தம் மொழியிலேயே அந்நியமாய்க் காண நேரிடும்.

தரவை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் கல்விமுறையில், தரவை விரைந்து தரும் கருவி வரவேற்கப்படுவதில் வியப்பில்லை. அம்முறையின் குறையையே செயலி விரைவுபடுத்துகின்றது. ஒரு கட்டத்தை மறைத்து, அதன் நான்கு அயலவரை மாத்திரம் காட்டி, மறைந்திருப்பதன் இயல்பை ஊகிக்குமாறு கேட்கும் செயலியொன்றை ஆக்குதல் நமது விஞ்ஞானபீட மாணவருக்கு இயலாததன்று. மென்டலீவ் இட்ட வினாக்குறியை அவர்கள் மாணவனிடம் மீட்டுக் கொடுத்தல் வேண்டும்.