ஒரே நாள், இரு ஆழம்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், அதற்குத் துணையாக வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயர், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் மூன்றும் அந்த ஒரே நாளில் தாண்டுபோயின. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டார்கள். இன்று சார்ஜன்ட் பாசிக்குடாவுக்கு வடக்கே ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. மூழ்கிய கப்பல்களைப் பார்க்கச் சுழியோடுவது நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம், இந்த இரண்டு ஆழங்களையும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும் என்பேன். ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றதற்குப் பொருந்தாது.

சார்ஜன்ட் இரக்கமுள்ள கப்பல். வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் தெளியும் சித்திரைக்குப் பின், அடிப்படைப் பயிற்சியும் அதற்கு மேலே இன்னொரு படியும் முடித்த எவரும் அங்கே போய்வரலாம். இறங்கும்போது முதலில் நீலம் மட்டுமே தெரியும். பிறகு அந்த நீலத்தில் ஒரு கறுப்புத் திரளும். அது தகடாகும், தகட்டின் மேல் சிப்பியும் கடற்பஞ்சும் ஒட்டியிருப்பது தெரியும். விளைமீன் கூட்டம் கலையாமல் விலகி வழிவிடும். உடைந்த குழாயின் வாயில் அஞ்சாலை தலையை நீட்டி வாயைத் திறந்து மூடும். மணலடிக் கடலில் ஒளியத் துவாரமும் ஒட்டப் பிடிமானமும் அரிது. இரண்டையும் ஒரு கப்பல் ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தக் கரையில் பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்தப் போர் 2009இல் முடிந்த பின்தான் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் சுழியோடல் ஒரு தொழிலாக வளர்ந்தது. அதன் நன்மைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அவற்றில் பெரியது சாட்சியம். கடலடியில் நடப்பதைப் பார்க்க வேறு ஆளில்லை. 1942 பெப்ரவரியில் ஜாவாக் கடற்போரில் மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா என்ற இரு டச்சுக் கப்பல்களை 2002இல் கண்டுபிடித்தவர்கள் பொழுதுபோக்குச் சுழியோடிகள். 2016இல், போரின் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவுக்காக மறுபடி இறங்கியபோது அங்கே கப்பல்கள் இல்லை. கப்பலின் வடிவத்தில் கடலடியில் பள்ளம் மட்டுமே இருந்தது. பழைய இரும்புக்காகவும் செம்புக்காகவும், நூற்றுக்கணக்கான மாலுமிகளின் எச்சங்களோடு சேர்த்து, முழுக் கப்பல்களையே யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சுழியோடிகள் போகாமல் இருந்திருந்தால் அந்தக் களவு இன்றுவரை உலகுக்குத் தெரிந்திராது. கடலடிப் பண்பாட்டுச் சொத்துகளுக்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2001இல் வந்தது. நூறு ஆண்டுகள் நீருக்குள் கிடந்த பொருளுக்கே அது பாதுகாப்புத் தருகிறது. ஹேர்மிஸுக்கு அந்த வயது 2042இல்தான் வரும். அதுவரை இப்படிப்பட்ட கப்பல்களுக்கு, போய்ப் பார்த்துவரும் கண்களே பெரிய காவல்.

ஆனால் பார்க்கும் கண்ணோடு நங்கூரமும் வருகிறதே.

ஒரு காலை இந்தக் கிழக்குக் கரையில் நான் போன படகு, கப்பல் கிடக்கும் இடத்துக்கு மேலே வந்ததும் நங்கூரத்தை அப்படியே போட்டது. கயிறு பிடித்து இறங்கிப் பார்த்தபோது, நங்கூரத்தின் கொளுக்கி தகட்டின் விளிம்பைக் கடித்திருந்தது. சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குப் பவளம் வெள்ளையாக நொறுங்கிக் கிடந்தது. பாறைபோல் திரளும் பவள இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். அந்த ஒரு முழத்தை ஈடுகட்டக் கடலுக்கு என் ஆயுள் போதாது. மிதவை ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவைத்து அதில் படகைப் பிணைத்திருந்தால் இது நடந்திராது. எத்தனையோ ஆண்டுகளாகத் தெரிந்த, செலவு குறைந்த தீர்வு இது. பருவம் தோறும் வருமானம் வரும் இடத்தில் ஒரு மிதவை கட்ட ஆளில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. கப்பலின் அறைகளுக்குள் நுழைபவர் விடும் மூச்சு மேலே போக வழியில்லாமல் கூரைத் தகட்டின் கீழ் குமிழாகத் தேங்குகிறது. அதில் எஞ்சியிருக்கும் ஒட்சிசன் இரும்பைத் துருப்பிடிக்கத் தூண்டுகிறது. அங்கே ஒட்டி வாழ்ந்த உயிர்கள் நீரில்லாமல் சாகின்றன. உலகிலேயே அதிகம் பேர் இறங்கும் கப்பல்களில் ஒன்றான செங்கடலின் திஸில்கோர்மில், தேங்கிய காற்று வெளியேறுவதற்காகத் தகட்டில் துளையிட வேண்டி வந்தது. பார்வையாளர் மூச்சுவிடுவதற்காகக் கப்பலையே துளைக்கும் நிலை எனக்குச் சம்மதமில்லை. உள்ளே போவோரின் எண்ணிக்கையைக் குறைத்திருக்க வேண்டும்.

மூழ்கிய கப்பல் தானாகவே பவளப்பாராகிவிடும், ஆகவே அது கடலுக்கு ஒரு கொடை என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். மணல் தரையில் அது பெருமளவு உண்மை. உயிருள்ள பாரின் மேலேயே கப்பல் விழுந்தால் கதை வேறு. பசிபிக்கின் பல்மைரா பவளத்தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் பாரில் மோதி மூழ்கியது. இரும்புச் சத்து குறைந்த அந்தக் கடலில் அதன் துரு உரமாகியது. பவளத்துக்கு உறவான, ஆனால் கல் கட்டாத ஓர் உயிரினம் அதில் பெருகிப் படர்ந்து, பவளத்தைப் பெரும் பரப்பில் மூடியது. கடைசியில் கப்பலை வெட்டி எடுத்தே அப்புறப்படுத்தினார்கள். எனவே சுழியோடிகளை அழைப்பதற்காகப் புதிதாகக் கப்பல் மூழ்கடிக்கும் திட்டத்தோடு யாரேனும் வந்தால், எங்கே, எந்தத் தரையில் என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி அந்த இரண்டாவது ஆழம். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். 50 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. சிலிண்டரிலுள்ள காற்றும் ஆறு மடங்கு வேகத்தில் தீரும். நைதரசன் மூளையை மந்தமாக்கும். கள் குடித்தவனைப்போல் துணிச்சல் கூடும், கணக்குத் தப்பும். இருபது நிமிடம் கீழே இருந்ததற்கு, மேலே வரும் வழியில் நெடுநேரம் கயிற்றில் தொங்கிக் காத்திருக்க வேண்டும். விசேட பயிற்சியும் வாயுக் கலவையும் உள்ளவர்கள் ஹேர்மிஸுக்குப் போகிறார்கள், போகட்டும். வெளியிலிருந்து பார்ப்பதோடு திரும்ப வேண்டும் என்பதே என் வாதம். அது 307 பேரை விழுங்கிய இடம்.

மைக்ரோனேசியாவின் சூக் கடற்காயலில் நடந்தது எச்சரிக்கையாக நிற்கிறது. 1944 பெப்ரவரி 17, 18 ஆகிய இரு நாட்களில் அமெரிக்க விமானங்கள் அங்கே நாற்பதுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தன. பின்னாளில் சுழியோடிகள் குவிந்தார்கள். தட்டு, கோப்பை, மணி என்று கைக்கு எட்டியதெல்லாம் போகத் தொடங்க, எடுப்பதைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். 1980களில் ஜப்பானியர் வந்து எச்சங்களை எடுத்துத் தகனம் செய்தார்கள். இருந்தும் ஒரு கப்பலின் இயந்திர அறையில் பதிந்துபோன ஒரு மண்டையோடு, பார்க்க வேண்டிய காட்சியாகப் படம்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்த மனிதனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். சுடலையில் போய்ப் படம் எடுக்கக் கூசுகிற நாம், நீருக்குள் போனதும் அந்தக் கூச்சத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறோம். இந்தத் தொழிலின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். நங்கூரச் சேதத்தை ஒரு மிதவை தீர்க்கும். இதற்கு வழிகாட்டியின் வாயிலிருந்து ஒரு மறுப்பு வர வேண்டும்.

அந்த மறுப்பு எங்கிருந்து வரும்? கரையில் வாழ்பவர்களிடமிருந்து வரும் என்று நம்புகிறேன். பாலித் தீவின் துலம்பென் கிராமத்தில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942இல் நீர்மூழ்கியின் குண்டு பட்டுக் கரையில் ஏற்றப்பட்ட அதை, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது நிலம் அதிர்ந்து கடலுக்குள் தள்ளியது. அங்கே காற்றுச் சிலிண்டர்களை உருண்டைக் கற்கள் நிறைந்த கரைவழியே தலையில் சுமந்து கொண்டுபோவோர் அவ்வூர்ப் பெண்கள். பாரமான வேலைதான், அதை அழகாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கப்பல் அந்த வீடுகளின் அடுப்போடு தொடுக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய இலங்கையிலேயே இந்து சமுத்திரத்தின் மிகப் பழைய கப்பற்சிதைவை 2003இல் கொடவாயவில் முதலில் கண்டவர்கள் சங்கு எடுக்க இறங்கிய உள்ளூர்ச் சுழியோடிகள். ஈராயிரம் ஆண்டுப் பழைய கண்ணாடிக் கட்டிகள் அவர்களால்தான் வெளிச்சத்துக்கு வந்தன. கடலை அறிந்தவர்கள் அவர்கள். நமது கிழக்கில் கடற்றொழிலாளருக்கு இந்தத் தொழிலில் கிடைத்திருப்பது பெரும்பாலும் படகோட்டும் வேலை மட்டுமே.

அந்த நங்கூரப் படகிலும் ஒரு முதியவர்தான் இயந்திரத்தைப் பிடித்திருந்தார். முப்பது வருடமாக அந்தக் கப்பலுக்கு மேலே தூண்டில் போட்டவர். நான் ஏறி வந்ததும், "அடியில எப்படித் தம்பி கிடக்கு?" என்று கேட்டார். உடைந்த கப்பலின் இரு துண்டுகளையும், குழாய்களையும், அஞ்சாலையையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நீரோட்டம் தெற்க இழுக்கேக்க விளைமீன் சின்னத் துண்டுப் பக்கம்தான் நிக்கும், பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. இரண்டாம் முறை இறங்கியபோது நேரே அங்கே போனேன். சின்னத் துண்டின் நிழலில், நீரோட்டத்துக்கு முகம் காட்டி, கூட்டம் கூட்டமாக நின்றன.