மூன்றாவது கதவும் ஒரு தாழ்ப்பாளும்

எந்த ஊர்ப் பேருந்து நிலையமானாலும் கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் சில்லறைத் தட்டு, பின்னால் ஒருவர். ஒரு பக்கச் சுவரில் மீசை வைத்த தலை, மறுபக்கச் சுவரில் பொட்டும் பூவும் வைத்த தலை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக வரைந்தது என்பார்கள். எழுத்துத் தெரிந்த நாமும் படத்தைப் பார்த்துத்தான் நுழைகிறோம். பொட்டும் பூவும் வைத்த ஒரு திருநங்கை வரும்போது மட்டும் படம் வேலை செய்ய மறுக்கிறது. மேசைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். ‘இங்க இல்ல, அந்தப் பக்கம் போ.’ அந்தப் பக்கம் என்பது ஆண்கள் பக்கம். அங்கே வரிசையாக இருப்பவை நின்று போவதற்கான தொட்டிகள். நிர்வாணம் முடித்த திருநங்கை உட்கார்ந்துதான் போகமுடியும் என்கிற எளிய உடலியல் உண்மைகூட அந்த உத்தரவில் இல்லை. உள்ளே கிடைக்கப்போகும் கேலி, கை, அதற்கு மேலானவை பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை.

உடலரசியல் பற்றி முப்பது வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மூத்திரப்பை பற்றி எழுதியதில்லை. ‘போற எடத்துல கக்கூஸ் இருக்குமா’ என்று கணக்குப் போட்டுக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் ஒரு உடல் நம்முடைய கோட்பாட்டு மொழிக்குள் வந்ததே இல்லை.

இத்தனைக்கும் கோட்பாட்டாளர்கள் இந்தக் கதவருகே நின்றிருக்கிறார்கள். மரம் என்ற சொல்லையும் மரத்தின் படத்தையும் போட்டுக் குறியை விளக்கிய சசூரின் வரைபடத்தைத் தள்ளிவிட்டு, லக்கான் 1957இல் வேறொரு படம் போட்டார். ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கதவுகள். ஒன்றின் மேல் ஆண்கள், மற்றதன் மேல் பெண்கள். கதவுகளுக்குள் வித்தியாசம் எதுவும் இல்லை, வித்தியாசத்தை உண்டாக்குவது மேலே தொங்கும் சொல்தான். தொடர்ந்து ஒரு குட்டிக்கதையும் சொல்கிறார். ரயில் ஒரு நிலையத்தில் நிற்கிறது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும் சன்னல் வழியே ஆளுக்கொரு கதவைப் பார்க்கிறார்கள். ‘பெண்கள்’ என்கிற ஊருக்கு வந்துவிட்டோம் என்கிறான் பையன். ‘ஆண்கள்’ என்கிற ஊர் இது, தெரியவில்லையா என்கிறாள் பெண். இந்த இடத்தைத் தமிழில் விளக்கியவர்கள் குறிப்பானின் ஆதிக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம் (நானும் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன், அபத்தமாக). இரண்டு ஊரிலும் இறங்க முடியாத பயணி யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

லக்கானின் பிள்ளைகள் சன்னலை விட்டுவிட்டு நம்மூர் ரயில்பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பெட்டியின் இரு முனைகளிலும் கழிவறைகள். அவற்றில் மீசைத் தலையும் இல்லை, பூத்தலையும் இல்லை. யாரும் போகலாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கூட அந்தக் கதவுக்கு முன் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். வீட்டிலும் இதே கதைதான், அப்பாவுக்கு ஒன்று அம்மாவுக்கு ஒன்று என்று யார் கட்டினார்கள்? ஆக, ‘பாலினப் பொதுக் கழிவறை’ என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் ஊருக்கு எந்த வண்டியில் போகிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இப்போது சட்டப் பிரதிக்கு வருவோம். 2014 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் அளித்த நால்சா தீர்ப்பு, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்த நபருக்கே உண்டு என்றது. ஆண் என்றோ பெண் என்றோ மூன்றாம் பாலினம் என்றோ அவரே சொல்லலாம். அதே தீர்ப்பின் இறுதி ஆணைகளில் ஒன்று திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை அமைக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு விரிசல் தெரிகிறது. ‘நான் பெண்’ என்று சொல்லும் உரிமையைக் கொடுத்த கை, அப்படிச் சொன்னவளைப் பெண்கள் கதவிலிருந்து மூன்றாவது கதவுக்கு அனுப்பிவைக்கிறது. 2017இல் மத்தியக் குடிநீர், துப்புரவு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஆண்கள் பெண்கள் இரண்டில் தாம் விரும்பும் பக்கத்தைப் பயன்படுத்த அனுமதியுங்கள் என்றன. தீர்ப்பின் முதல் பாதிக்கு விசுவாசமான வரி அதுதான். ஆனால் மேசைக்காரருக்கு அதை யாரும் அனுப்பி வைக்கவில்லை.

‘தனி’ என்ற சொல் தமிழ் மண்ணில் அப்பாவியானது அல்ல. டீக்கடையில் தனிக்குவளை பார்த்தவர்கள் நாம். ஆனால் எல்லாத் தனியும் ஒன்றல்ல. அம்பேத்கர் கேட்ட தனித்தொகுதி, ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் குரலுக்காகக் கேட்டது. தனிக்குவளை, ஒதுக்குகிறவர்கள் தங்கள் தூய்மைக்காக நீட்டியது. மூன்றாவது கதவு இதில் எது? திருநங்கைகளிலேயே அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அடிபடாமல் போய்வர ஒரு இடம் வேண்டும் என்பதற்காக. அந்தக் கோரிக்கையைத் தூரத்திலிருந்து கட்டுடைத்து மகிழ எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் தான் யார் என்று பேருந்து நிலையத்துக்கே அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பதையும், மற்ற இரண்டு கதவுகளில் துரத்துவதற்கு ‘ஒனக்குத்தான் தனியா கட்டியிருக்குல்ல’ என்ற புதிய நியாயம் கிடைக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்கமுடியாது.

அப்புறம் திருநம்பிகள். ‘மூன்றாம் பாலினம்’ என்றதும் நம் மனதில் சேலைதானே வருகிறது? திருநம்பி ஆண்கள் பக்கம் போகிறார். தொட்டிகளைத் தாண்டிக் கடைசியில் இருக்கும் ஒன்றிரண்டு அறைகளில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் பக்கெட் இல்லை. மாதவிலக்கு நாளில் நாப்கினைப் போட ஒரு கூடை ஆண்கள் கழிவறையில் எங்கே இருக்கிறது? மூன்றாவது கதவு அவருக்கு எந்த உதவியும் இல்லை. அதைத் திறந்தால் இத்தனை நாள் காப்பாற்றி வைத்த வாழ்க்கையே அம்பலமாகிவிடும்.

பெண்ணிய நண்பர்கள் எழுப்பும் கேள்வியை ஒதுக்க முடியாது. பெண்களுக்கென்று ஒரு கழிவறை என்பதே போராடிப் பெற்றது. இன்றும் பல இடங்களில் ஆண்களின் ஒன்றுக்குக் காசில்லை, பெண்களுக்கு உண்டு. இருக்கிற பெண்கள் அறையின் பலகையைக் கழற்றி ‘அனைவருக்கும்’ என்று மாட்டினால் முதலில் வெளியேறப் போவது பெண்கள்தான், திருநங்கைகளும் அவர்களோடேயே. வேண்டியது பலகை மாற்றமில்லை, கட்டட மாற்றம். தரையிலிருந்து கூரைவரை சுவர், உறுதியான தாழ்ப்பாள், உள்ளேயே குழாய், விளக்கு, கூடை. அப்படி நாலு அறை இருந்தால் வாசலில் படத்துக்கு வேலையில்லை. பெண்களின் பாதுகாப்பு பற்றிய பேச்சு அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். 2016இல் வட கரோலினா மாகாணம், அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழ்படிதான் கதவு என்று சட்டம் போட்டு அடுத்த வருடமே அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது. அதனால் பெண்களுக்கு ஒரு தாழ்ப்பாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. (நாலு அறை என்கிறோமே, அவற்றைக் கழுவப்போவது யார் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். மலம் அள்ளுவதைத் தடைசெய்த 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகும் அந்தத் துடைப்பம் எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்பது தெரிந்ததே.)

பள்ளிக்கூட விஷயம் இன்னும் மோசம். 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பள்ளி கல்லூரிகளில் பாலினப் பொதுக் கழிவறை வேண்டும் என்று தன் உத்தரவில் எழுதினார். அதே வருடம் நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் காணாமல் போனது. பாலினப் பொது வசதிகள் பற்றிய பேச்சும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டிருந்து, பிறகு வீட்டுக்கு ஓடி, ஒருநாள் பள்ளிக்கே வராமல் போன பிள்ளையை ‘இடைநிற்றல்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வோம்.

கடைசியாக நம்ம கதை. சென்ற வருடம் ஒரு நாள் முழுக்கக் கருத்தரங்கு. பாலின அமர்வுக்கு ஒரு திருநங்கைத் தோழரை அழைத்திருந்தோம். மண்டபம் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். நாற்காலி எண்ணினோம், மைக் தட்டிப் பார்த்தோம், மதியச் சாப்பாட்டுக்கு இடம் பார்த்தோம். அவர் காலையில் வந்தார், அருமையாகப் பேசினார், சாப்பிடச் சொன்னபோது ‘இல்ல தோழர், கெளம்புறேன்’ என்று இரண்டு மணிக்கே போய்விட்டார். வேறு வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். மாலையில்தான் கவனித்தேன், பெண்கள் கழிவறையின் சாவி காவலாளியிடம் இருந்தது, கேட்டு வாங்கவேண்டும். அடுத்த கூட்டம் ஆடியில், அதே மண்டபம்தான், வாடகை குறைவு. சாவியை முதல்நாளே வாங்கி வைப்பது என் பொறுப்பு. ஆண்கள் பக்கக் கடைசி அறைக்கு ஒரு தாழ்ப்பாளும் வாங்கவேண்டும்.