கோல்கீப்பரின் பெயர் என்ன?

'பிகில்' படத்தை 2019 தீபாவளியன்று அம்பத்தூரில் பார்த்தேன். எங்கள் பகுதியோடு அந்தப் படத்துக்கு ஒரு சம்பந்தம் உண்டு. படப்பிடிப்பின் கணிசமான பகுதி பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் நடந்தது. கால்பந்து ஆடும் பெண்களை இத்தனை பெரிய திரையில், இத்தனை பெரிய நட்சத்திரத்தின் படத்தில் பார்ப்பது அதுவே முதல்முறை. தியேட்டரில் பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன், அதை மறைக்கப் போவதில்லை.

வீடு திரும்பும்போது கூட வந்த தோழியின் மகள் கேட்டாள்: "அக்கா, அந்த டீம்ல கோல்கீப்பர் யாரு?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் அந்த அணியைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண் நினைவில் இருந்தாள். புகுந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்த பெண் நினைவில் இருந்தாள். பருத்த உடலுக்காக எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தப்பட்ட பாண்டியம்மா மறக்கவே மாட்டாள். ஆனால் யார் எந்த இடத்தில் ஆடினாள் என்று கேட்டால் பதில் இல்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மனதில் பதிந்திருக்கிறது, அவர்களுக்கு என்ன தெரியும் என்பது பதியவில்லை. படத்தில் ஆட்டம் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் பயிற்சியாளர். பெண்களிடம் இருப்பது துயரம். துயரத்தை ஆட்டமாக மாற்றித் தருவது அவருடைய வேலை. பாண்டியம்மாவின் உடலை இழிவாகப் பேசுவதுகூட அவளுக்குள் கோபத்தை மூட்டத்தான் என்று படம் நம்மைச் சமாதானப்படுத்துகிறது. அதே வசவை எதிரணிக்காரர் சொல்லியிருந்தால் தியேட்டரில் எழுந்து நின்றிருப்போம். பயிற்சியாளர் சொன்னதால் கைதட்டினோம்.

படம் வெளிவருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை இறுதிப்போட்டியில் வெல்வது என்றால் என்ன என்பது இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் கோப்பை வந்தது. அந்த இரண்டு அணிகளிலும் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவரின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? சினிமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தச் சிறுமியின் கேள்விதான் என்னை அதிதி சௌகானின் பக்கம் கொண்டுசென்றது. 1992இல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது, படித்தது, ஆடக் கற்றது எல்லாம் டெல்லியில். 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்று உரிமை கொண்டாடும் ஆசை எனக்கு இல்லை. இந்த ஊர் அவருக்கு ஒரு கையுறைகூட வாங்கித் தந்ததில்லை. கராத்தேயும் கூடைப்பந்தும் ஆடிக்கொண்டிருந்தவர் பள்ளியில் கோல்கீப்பர் ஆனார். விளையாட்டு மேலாண்மை படிக்க இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2015இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணியில் சேர்ந்தார். 'இங்கிலாந்தில் ஆடும் முதல் இந்தியப் பெண்' என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று கவன்ட்ரிக்கு எதிராக அவருடைய முதல் ஆட்டம். வெஸ்ட் ஹாம் 0-5 என்று தோற்றது. ஐந்து கோல் வாங்கினார்.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'முதல் பெண்' என்ற பட்டத்துக்கு அந்த ஐந்து கோல்கள் தேவையில்லை. மைதானத்தில் கால் வைத்த நொடியில் அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. விண்வெளிக்குப் போன முதல் பெண், ரயில் ஓட்டிய முதல் பெண், பேருந்து ஓட்டிய முதல் பெண் என்று நம் பாடப்புத்தகங்கள் நிறைய வாசற்படிகளை வைத்திருக்கின்றன. வாசலைத் தாண்டிய பிறகு அவள் உள்ளே என்ன செய்தாள் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் கோல்கீப்பருக்கு வாழ்க்கை தொடங்குவதே ஐந்து கோல் வாங்கிய மறுநாள் காலையில்தான். எந்தப் பந்துக்கு ஒரு அடி முன்னே வந்திருக்க வேண்டும், எதற்குக் கோட்டிலேயே நின்றிருக்க வேண்டும், எந்த கோல் தன் தவறு, எது தடுப்பாட்டக்காரியின் தவறு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கையுறையை மாட்ட வேண்டும். அப்போது அந்த அணி ஆடியது இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்தின் மூன்றாம் அடுக்கில். கிளப்பின் பெயர் உலகப் புகழ் பெற்றது. அதே பெயரில் ஆடிய ஆண்களின் கோடிகளுக்கும் பெண்கள் அணிக்கும் தொடர்பு இருக்கவில்லை. அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தார்.

பிறகு கோகுலம் கேரளா அணியில் 2020இல் இந்திய மகளிர் லீக் கோப்பை, இடையில் ஐஸ்லாந்தில் ஒரு சிறு நகரக் கிளப், தேசிய அணிக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 2025 ஜூலையில், 32 வயதில், ஓய்வை அறிவித்தார். மொத்தம் 17 ஆண்டுகள். அன்றும் பல தலைப்புகளில் இருந்தது 2015தான்.

கோல்கீப்பரின் வேலை என்ன என்று தெரியாமல் இந்த 17 ஆண்டுகளை மதிப்பிட முடியாது. பறந்து விழுந்து பந்தைத் தட்டிவிடுவது கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. நல்ல கோல்கீப்பர் அதிகம் பறப்பதில்லை. பந்து எங்கிருந்து வரும் என்று முன்பே கணித்து, இரண்டு அடி நகர்ந்து, அடிப்பவருக்குத் தெரியும் இடைவெளியைக் குறுக்கிவிடுகிறார். பந்து நேராகக் கைக்கு வந்தது போலத் தெரியும். பார்ப்பவர் 'சுலபமான பந்து' என்பார். அது சுலபமானது அவர் நகர்ந்ததால். செய்தது தெரியாமல் போவதுதான் சரியாகச் செய்ததற்கு அடையாளம் என்ற வேலைகள் பெண்களுக்குப் புதிதல்ல.

இன்னொன்று, கத்துவது. மைதானம் முழுவதும் கண் முன்னால் விரிந்திருப்பது கோல்கீப்பர் ஒருவருக்குத்தான். மற்ற பத்துப் பேருக்கும் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. எனவே தொண்ணூறு நிமிடமும் அவர் கத்த வேண்டும். யாரை யார் பிடிக்க வேண்டும், யார் ஏற வேண்டும், யார் இறங்க வேண்டும், எந்தப் பந்து தன்னுடையது என்று. பெண் பிள்ளை சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள், ஒரு மைதானத்தின் நடுவே பத்துப் பேரைப் பெயர் சொல்லி அதட்ட வேண்டிய தொழில் இது. பெண் கோல்கீப்பரைப் பாராட்டுகிறவர்கள் சிலர் 'காப்பது பெண்ணின் இயல்பு' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். குலத்தைக் காத்தவள், கற்பைக் காத்தவள், வீட்டைக் காத்தவள் என்று வரிசையாக அடுக்கி அதில் கோல் கம்பத்தையும் சேர்க்கிறார்கள். அது தாய்மை இல்லை. கோணம், தூரம், நேரம் பற்றிய கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் உடலைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. கோல் கம்பம் 24 அடி அகலம், 8 அடி உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆண்கள் தங்களுக்காக வகுத்துக்கொண்ட அளவு. பெண்களுக்கு இதைச் சற்றுக் குறைக்கலாமே என்று செல்சி மகளிர் அணியின் பயிற்சியாளராக இருந்த எம்மா ஹேய்ஸ் ஒருமுறை யோசனை சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். பந்தை விட்டுவிட்டால் 'பெண் உடலுக்கு எட்டாது' என்பார்கள் என்ற கவலையும் அதற்குள் இருந்திருக்கும். சரி, பந்தைப் பிடித்துவிட்டால்?

2021 செப்டம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஈரான், ஜோர்டானைப் பெனால்டியில் வென்றது. ஈரானின் கோல்கீப்பர் ஸோஹ்ரே கூதாயி இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஈரான் பெண்கள் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். நவம்பரில் ஜோர்டான் கால்பந்துச் சங்கம், அவருடைய பாலினத்தைச் சோதிக்க வேண்டும் என்று ஆசியக் கூட்டமைப்புக்கு எழுதியது. தான் பெண்தான் என்றும், வழக்குத் தொடரப் போவதாகவும் கூதாயி பதில் சொன்னார். பிடிக்காவிட்டால் பெண் என்பதால், பிடித்துவிட்டால் பெண்ணே இல்லை என்பதால். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனைக்குப் பின் அதை இழந்த புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை அறிந்த நமக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல.

இதே கூதாயியும் அதிதியும் எதிரெதிரே நின்ற ஆட்டம் ஒன்று உண்டு. 2022 ஜனவரி 20, நவி மும்பை, ஆசியக் கோப்பையின் முதல் நாள். 0-0. கோல் விழாத ஆட்டம் சலிப்பூட்டும் என்பார்கள். இரண்டு கோல்கீப்பர்களுக்கு அது நிறைவான நாள். கூதாயி இந்தியாவின் தலையடியை நிறுத்தினார், அதிதி ஒன்றையும் உள்ளே விடவில்லை. மறுநாள் எழுதப்பட்டதெல்லாம் இந்தியா தவறவிட்ட வாய்ப்புகள் பற்றி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அணிக்குள் கொரோனா பரவியது. 23ஆம் தேதி சீன தைபேவுடன் ஆட வேண்டிய நாளில் களமிறக்கப் போதிய ஆட்கள் இல்லை. போட்டியை நடத்திய நாடே போட்டியிலிருந்து வெளியேறியது. அந்த 23 பேர் அணியில் மூன்று கோல்கீப்பர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சௌமியா நாராயணசாமி. முன்வரிசை ஆட்டக்காரருக்குக் கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். கோல்கீப்பரை யாரும் பாதியில் மாற்றுவதில்லை. முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டால் ஒழிய இரண்டாமவர், மூன்றாமவர் உள்ளே வர முடியாது. தோழியின் காயத்தை விரும்பாமல், அதற்கு ஒவ்வொரு நாளும் தயாராக இருக்க வேண்டும். சௌமியாவின் ஆசியக் கோப்பை ஒரு நிமிடம்கூட ஆடாமல் முடிந்தது. 'பிகில்' மாதிரி நூறு படம் வந்தாலும் இந்த மூன்றாவது கோல்கீப்பரை வைத்து ஒரு காட்சி வராது. அவரிடம் அழுவதற்குக் கதை இல்லை, பயிற்சி மட்டும்தான் இருக்கிறது.

பணக்கார நாடுகளில் மட்டும் நிலைமை வேறு என்று நினைக்க வேண்டாம். 2023 உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸின் ஜெர்சியை நைக்கி விற்பனைக்கே விடவில்லை. மற்ற வீராங்கனைகளின் ஜெர்சி கிடைத்தது. ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்ட பிறகுதான் கொஞ்சம் விட்டார்கள். அதற்குள் ஏர்ப்ஸ் இறுதிப்போட்டியில் ஒரு பெனால்டியைத் தடுத்து, போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருதையும் வாங்கியிருந்தார்.

சென்ற மாதம் ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போயிருந்தேன். முக்கால்வாசி இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், புல் என்பதே இல்லாத செம்மண் தரையில், பதினைந்து இருபது பெண் பிள்ளைகள். இரண்டு செருப்புகளுக்கு நடுவே ஒரு உயரமான பெண் நின்றிருந்தாள். பதினான்கு வயது இருக்கும். முழங்கை தேய்ந்து சிவந்திருந்தது. பக்கத்தில் டூவீலரில் சாய்ந்து நின்ற அவள் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கோல்கீப்பர்னா ஒரே எடத்துல நிக்கிறதுதானேம்மா. ரொம்ப ஓட வேணாம், வெயில்ல அலைய வேணாம். அதான் சரின்னு விட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இந்தக் கத்து கத்துறா பாருங்க. வீட்ல வாயே தொறக்க மாட்டா" என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. மூன்று பிள்ளைகள் அதை நோக்கி ஓடினார்கள். அவள் செருப்புகளுக்கு நடுவிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்திருந்தாள்.

"கீப்பர்! விடுங்கடி, என்னுது!"

கிரிக்கெட் ஆடிய பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் விலகினார்கள்.