மூலைமட்டமும் மார்க்கும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பொறியியலைத் தொழிற்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி நாவல் எழுதுகிறவனுக்கு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள் எதை மதிக்கிறார்கள், எதை மதிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பது என் தொழில். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க, கோயமுத்தூரில் இதைவிட நல்ல விஷயம் எனக்கு அகப்படவில்லை.

இந்த ஊரின் பெருமையைப் பேச ஆரம்பித்தால், 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்த கதை தானே வந்துவிடும். ஆனால் பெருமை பேசும் அதே வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு முடித்து, தொழிற்கல்விப் பிரிவில் இயந்திரவியல் எடுக்கிறேன் என்றால், எழவு விழுந்த மாதிரி முகங்கள் மாறுகின்றன. மார்க்கு குறைந்தவன் போய்ச் சேரும் இடம் அது என்பது ஊரறிந்த சங்கதி.

வகுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் கொங்கு நாட்டுக்காரர்; 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிக் கைவேலையைப் படிப்போடு சேர்த்தவர். 1952-இல் அமைந்த லட்சுமணசுவாமி முதலியார் கமிஷன் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது.

நடுவில் 1953 என்றொரு வருஷம் இருக்கிறது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராஜ் அதைக் கைவிட்டார். எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கட்சி. கருவியின்மேல் யாருக்கும் கோபமில்லை. யார் வீட்டுப் பிள்ளை கையில் அதைத் திணிக்கிறார்கள் என்பதில்தான் கோபம். இன்றைக்கும் தொழிற்பிரிவு வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எட்டிப் பார்த்தால், அந்தக் கோபம் தீரக் காரணம் தெரியவில்லை.

பாடத்திலோ குறையே இல்லை. பிட்டர் வேலையில் ஆரம்பப் பயிற்சி, ஓர் இரும்புத் துண்டை அராவிச் சதுரமாக்குவது. வைஸில் துண்டை இறுக்கி, அரத்தை இரண்டு கையாலும் நிதானமாகத் தள்ள வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் ஓரங்கள் சரிந்து நடுப்பாகம் மேடாகிவிடும். பிறகு மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி அராவத்தான் வேண்டும். வாத்தியாரிடம் கெஞ்சிப் பிரயோசனமில்லை. (எழுத்தாளனுக்கு இப்படி ஒரு மூலைமட்டம் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.) இப்படிப்பட்ட வித்தையையும், 'அரத்தின் வகைகள் யாவை?' என்று கேட்டு ஐந்து மார்க்கு போடும் சமாசாரமாக ஆக்கிவிட்டோமே, அதுதான் என் குறை.

ஏட்டுப் படிப்பே வேண்டாம், பட்டறையே பள்ளிக்கூடம் என்பாரும் உண்டு. அவர்கள் ஜி. டி. நாயுடுவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முன்னின்று, அதன் முதல்வராகவும் இருந்தவர் அவர். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்றார். சர்க்கார் இணங்காததால் விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் ஒப்புவேன். வீண் வருஷங்களை வெட்டலாம், கணக்கை வெட்டக்கூடாது. கைப்பிடி சுற்றி ஓட்டிய லேத்தின் இடத்துக்கு இப்போது சி.என்.சி. லேத்து வந்துவிட்டது. அதற்கு எக்ஸ் அச்சு, இசட் அச்சு என்று கணக்குப் புத்தக பாஷையில் கட்டளை எழுத வேண்டும். கைப்பிடி மட்டும் பழகியவன் நாற்பது வயதுக்குமேல் ஒரு சின்னப் பையனிடம் எடுபிடியாக நிற்கிறான். கைத்திறன் அவனிடம் குறையவில்லை. யாரோ அவனுக்குப் பதினைந்து வயதில், 'உனக்கெதற்கு ஜியாமெட்ரி?' என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே தொழிற்பிரிவுப் பையனுக்குக் கணக்கில் சலுகை காட்டாமல் முழுசாகச் சொல்லிக் கொடுங்கள். டாக்டருக்குப் படிக்கப் போகும் பெண்ணும் வாரத்தில் இரண்டு மணி நேரம் அரம் பிடிக்கட்டும், அவளுடைய துண்டையும் வெளிச்சத்தில் பார்த்து மார்க்கு போடுங்கள். இதற்கு எந்தப் பள்ளிப் பெற்றோர்கள் சம்மதிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.